ஒரு ஜெபம் முடியும்வரை நிற்காத பிரேக்

அப்பு,

சாப்பிட்டாயா, பெங்களூர்க் குளிர் எப்படி, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டுத்தான் உனக்கு எப்போதும் எழுதத் தொடங்குவேன். இந்த முறை ஒன்றும் கேட்கப் போவதில்லை. எனக்குக் கோபம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுவாய். தட்டுகிற சத்தம் இங்கே திண்டுக்கல் வரைக்கும் எனக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். நீயும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஆண்கள் பக்கம் நின்றாய். உன் பேர், செத்துப்போன உன் அப்பா பேர், என் பேர், பெண்ணின் பேர், அவளுடைய அப்பா அம்மா பேர் எல்லாம் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் சொன்னார். இத்தனை வருடமாகக் கேட்கிற வாசகம்தான். அன்றைக்கு மட்டும் எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. "எனக்கு ஒரு தடை தெரியும் சாமி. பையன் நல்லவன், பெண் அவனைவிட நல்லவள். ஆனா பையனோட வண்டியில பிரேக் கிடையாது" என்று சொல்லியிருப்பேன். கோயிலே சிரித்திருக்கும். உன் மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். முன்பும் ஒருமுறை இப்படித்தான் வாயை மூடிக்கொண்டேன். அதில் வந்த வினையை நீ இதுவரை அறியமாட்டாய்.

முதலில் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அன்று நீ நம் காரைக் கோயம்புத்தூர்ப் பட்டறையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாய். தெருவே கூடிவிட்டது. எனக்கும் ஒரு நிமிடம் மூச்சு நின்றது, பொய் சொல்லமாட்டேன். உன் அப்பா போனபிறகு கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்கில் கிடந்த வண்டி அது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். நீள மூக்கு வைத்த வெள்ளைக்காரன் நாட்டுப் பந்தயக் கார். பழுத்த மிளகாய் மாதிரி செக்கச்செவேலென்று நின்றது. பம்பரில் முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்ளலாம். சக்கரத்துக் கம்பி ஒவ்வொன்றும் பளபளத்தது. நான் அளவெடுத்துத் தைத்துப் போட்டிருந்த சீட் உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோல் சீட் போட்டிருந்தார்கள். அம்மாவின் கோபமெல்லாம் அந்த உறைகளுக்காகத்தான் என்று நீ நினைப்பாய். கொஞ்சம் அதற்கும்தான். ஆனால் அது கால்வாசி.

நீ உள்ளே கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் போய் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தேன். பிரேக் பெடலின் மேல் காலை வைத்து, மெதுவாக அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு, மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தேன். பாதி ஜெபம்கூட வரவில்லை, பெடல் இறங்கி இறங்கித் தரையைத் தொட்டுவிட்டது. உன்னைக் கூப்பிட்டேன். எச்சில் கையோடு வந்தாய்.

"பெடல் இறங்குது அப்பு."

"வேகமா ரெண்டு தடவ மிதிம்மா. இந்தா பாரு, கல்லு மாதிரி நிக்குது."

"மிதிச்சா நிக்குது. பிடிச்சா இறங்குதே."

"அம்மா, அது கோயம்புத்தூர்ல எம்புட்டுப் பெரிய பட்டறை தெரியுமா? தையல் டீச்சருக்கு மாஸ்டர் சிலிண்டரப் பத்தி என்னா தெரியும்?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். கல்யாணத்தன்று கோயிலிலிருந்து பட்டணப் பிரவேசம், மறுநாள் காலையில் இதே வண்டியில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் கொடைக்கானல் என்று அவர்களுக்குத் திட்டத்தையும் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போயும் விட்டாய். தையல் டீச்சருக்கு என்ன தெரியும் என்று கேட்டாயே, பதில் வாங்காமல் போனால் எப்படி? இப்போது சொல்கிறேன்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஏழு வயது. கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக் கிடங்கில் சாக்கு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. மில்லில் ஃபிட்டராக இருந்த உன் அப்பா யார் கல்யாணத்துக்கோ மலைக்குப் போனவர், கல்யாணத்தை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரியில், கோஸ் மூட்டைகளுக்கு நடுவே அதை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். இறக்கியபோது கதவு ஒன்று கையோடு வந்தது. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. "கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வெத்தல பாக்குத் தாம்பூலம் வாங்கியாருவாக. நீங்க என்னா வாங்கியாந்திருக்கீக?" என்று நான் சண்டை போட்டேன். அவர் கேட்டால்தானே. ஞாயிறு பூசை முடிந்தால் கொட்டகை, மில் விடுமுறை என்றால் கொட்டகை. நாலு வருடம் அந்த மனுஷர் அதற்கடியில் படுத்துக் கிடந்தார்.

அந்த வேலையில் ஒருவரால் தனியாகச் செய்ய முடியாதது ஒன்று உண்டு. பிரேக் குழாயில் ஏறிய காற்றை வெளியே எடுப்பது. ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிறிய திருகைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் பெடல் தரைவரை போனாலும் காலை எடுக்காமல் அழுத்தியே இருக்க வேண்டும். அவர் திருகை மூடிவிட்டு "விடு" என்ற பிறகுதான் விடவேண்டும். ஒரு நொடி முந்தி விட்டாலும் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அவருடைய மில் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்து மிதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கால் அடங்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார். பதினெட்டு வயதிலிருந்து தையல் மிஷின் மிதித்த கால் இது. எந்த அழுத்தத்துக்கு ஊசி எத்தனை வேகம் ஓடும் என்று என் கால் எனக்குச் சொல்லும். முதல் நாளே நாலு சக்கரத்திலும் குமிழியில்லாமல் எண்ணெய் வந்தது. "ஏ டீச்சர், உங்காலு ஃபிட்டர் காலு" என்றார். நம் வீட்டுக் காரைச் செய்தது அப்பா என்று ஊரெல்லாம் சொல்வாய். அப்பாதான். ஆனால் அந்தக் காரின் பிரேக் பன்னிரண்டு வருடமாக என் காலில் இருந்தது. அதை நீ எங்கேயும் சொல்லி நான் கேட்டதில்லை.

கூரை திறந்த கார் என்றால் நம் ஊரில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அது பட்டணப் பிரவேசத்துக்கென்றே பிறந்தது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் உன் அப்பாவிடம் வந்து நிற்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் மடித்த கூரைமேல் உட்கார்ந்துகொள்ள, மூக்கு நிறையப் பூச்சரம் கட்டி, முன்னால் பேண்டு வாத்தியம் முழங்க, வண்டி நடை வேகத்தில் ஊரைச் சுற்றிவரும். உன் ரோஸி சித்தி, என் கடைசித் தங்கை, நிச்சயமான அன்றைக்கே "அத்தான் வண்டியிலதான் ஊர்கோலம்" என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் கசிவதை உன் அப்பா கண்டுபிடித்தார். பெடலில் நாம் கொடுக்கிற அழுத்தத்தை நாலு சக்கரத்துக்கும் அனுப்புவது அந்த ஒரே ஒரு சிலிண்டர்தான். உள்ளே சின்னச் சின்ன ரப்பர்கள் இருக்கும். அவை தேய்ந்தால் எண்ணெய் நழுவிப் பின்னால் வந்துவிடும், பெடல் இறங்கிவிடும். இந்தக் காலத்துக் கார்களில் ஒரு பாதை போனாலும் இன்னொரு பாதை காப்பாற்றும். அந்த வண்டியில் எல்லாம் ஒரே பாதை, போனால் நாலும் போச்சு. புது ரப்பருக்கு மெட்ராசுக்குச் சொல்லியிருந்தார். வந்து சேரவில்லை. கல்யாணத்தன்று காலையில் பழைய ரப்பரையே கழுவித் துடைத்துத் திரும்பப் போட்டார். "இன்னைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும். நடக்குற வேகத்துல போற வண்டிக்கு எதுக்குப் பிரேக்கு?" என்றார். இருபது வருடம் மெஷினோடு வாழ்ந்த மனுஷர், மெஷினைப் பற்றிச் சொன்ன ஒரே முட்டாள்தனம் அதுதான். வேகமாகப் போகிற வண்டிக்கு முன்னால் யாரும் நடப்பதில்லை. ஊர்கோல வண்டிக்கு முன்னால்தான் இருபது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

அவரைச் சொல்லிவிட்டேன். இப்போது என்னைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூவோடு நான் அந்தக் காரில் உட்கார்ந்து மிதித்தேன். மிதி, பிடி, விடு. நாலு சக்கரமும் முடிந்தது. கடைசியாக அழுத்திப் பிடித்தபோது என் கால் எனக்குச் சொன்னது. பெடல் நிற்கவில்லை. மாவுச்சட்டியில் கையை வைத்தால் மெல்ல உள்ளே போகுமே, அப்படி மெதுவாக இறங்கியது. அதே நேரம் வாசலில் என் அம்மா "பொண்ணுக்குப் பின்னல் போட ஆளில்ல, இவ எங்க போனா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். வண்டிக்கடியிலிருந்து உன் அப்பா கேட்டார்: "நிக்குதா?"

"நிக்குது" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். அது இல்லையென்றால் அவர் வண்டியை எடுத்திருக்கமாட்டார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் அது நடந்தது. முன்னால் பேண்டு செட்டில் பெரிய டிரம்மை மாரில் கட்டிக்கொண்டு மரியதாஸ் அண்ணன் அடித்துக்கொண்டு போனார். வண்டியில் பெண், மாப்பிள்ளை, உன் அப்பா, அவர் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன். நாலு பேர் பாரத்தோடு வண்டி இறக்கத்தில் நகர்ந்தது. உன் அப்பா மிதித்திருக்கிறார், பெடல் தரைக்குப் போய்விட்டது. ஹாரன் அடித்தார். பேண்டுச் சத்தத்தில் ஹாரன் யாருக்குக் கேட்கும்? கை பிரேக்கை இழுத்து வண்டி நிற்பதற்குள் முன்சக்கரம் மரியதாஸ் அண்ணன் இடது காலில் ஏறி இறங்கிவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. சித்தி கல்யாணச் சேலையோடு ரோட்டில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ கூட்டத்துக்குப் பின்னால் இருந்தாய். "பேண்டுக்கார மாமா கால் தடுக்கி விழுந்துட்டாரு" என்று உன்னிடம் சொன்னோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். நீ வளர்ந்த பிறகும் அதைத் தோண்டி எடுத்துக் காட்டவில்லை. ஊர் என்ன சொன்னது தெரியுமா? கண் பட்டுவிட்டது என்றார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். பெண்ணின் ராசி என்று ஒருத்தி சொன்னாள், அவளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. பிரேக் என்ற வார்த்தை ஒருவர் வாயிலும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மரியதாஸ் அண்ணனே என்னைத் தேற்றினார்: "விடுங்க டீச்சர், எல்லாம் ஆண்டவர் செயல்." ஆண்டவரா பழைய ரப்பரைக் கழுவிப் போட்டார்? ஆண்டவரா உள்ளே உட்கார்ந்துகொண்டு "நிக்குது" என்று சொன்னார்? அவர் தலையில் பழி போட்டால் நம் கை சுத்தமாகிவிடும், அதுதான் நமக்கு வசதி.

அன்றைக்கு மறுநாள் உன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உன்ன அவசரப்படுத்துனது நாந்தான" என்று மட்டும் சொன்னார். எட்டு மாதம் கொட்டகையைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் திறந்தார். மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்துச் சிலிண்டர்கள், குழாய், ரப்பர் ஒன்றுவிடாமல் புதிது. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு ஒரு சட்டம் வந்தது. வண்டி ஓடாத நாளில் என்ஜினில் மின்சாரம் பிரித்து அனுப்புகிற மூடிக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார். கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு துண்டு. அது இல்லாமல் வண்டி உயிர் பெறாது. அதை நான் ஊசி நூல் டப்பாவில் வைத்துக்கொள்வேன். வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்து 'அருள் நிறைந்த மரியே' முழுசாகச் சொல்வேன். ஆமென் வரும்வரை பெடல் நூல் அளவுகூட இறங்கக்கூடாது. இறங்கினால் ரோட்டர் டப்பாவிலேயே இருக்கும், ஆட்டோவில் போக வேண்டியதுதான். உன் உறுதிபூசுதல் பூசைக்கு வந்த மறைமாவட்டத்துப் பெரியவர்களை அழைத்துவரக்கூட வண்டியை எடுக்காமல் அப்பா நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? "அப்பாவுக்குக் கௌரவமே தெரியல" என்று நீ அழுதாய். அன்று ஜெபம் முக்கால்வாசியில் பெடல் இறங்கியது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது உன் சிவப்புக் காருக்கு வருகிறேன். நீ போனபிறகு உன் அப்பாவின் காந்தத்தைத் தேடி எடுத்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கதவுக்குக் கீழே படிபோல் ஓடுகிற பகுதியில் வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தேன், ஒரு முழ நீளத்துக்கு எங்கேயும் ஒட்டவில்லை. அங்கே இரும்பு இல்லை அப்பு. துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைக்காமல், குழியில் பட்டி மாவை அப்பித் தேய்த்து அதன்மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்கு அடியில் புதுக் கம்பளம் விரித்திருந்தது. அதைத் தூக்கிவிட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் முனையால் குத்தினேன். அப்பளம் நொறுங்குவதுபோல் நொறுங்கித் தரை தெரிந்தது. நம் வீட்டுச் சிமெண்டுத் தரை! உன் பெண்டாட்டி உட்காரப்போகிற சீட்டை அதில்தான் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். டயரைப் பார்த்தேன். கறுப்பு மெழுகு பூசி மின்னுகிறது. துணியால் துடைத்தால் பக்கவாட்டில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. உன் அப்பா உயிரோடு இருந்தபோது போட்ட அதே டயர்கள். ஓடாத டயர் தேயாது, ஆனால் கிழடாகும் என்று அவர் படித்துப் படித்துச் சொல்வார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று பள்ளிக்கூடத்தில் நீதான் படித்தாய். சுவரே இல்லாத இடத்தில் சித்திரம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறாயே! அந்தப் பட்டறைக்காரன் மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவனிடம் நீ என்ன கேட்டாய் என்று யோசித்துப் பார். எந்தச் சிவப்பு என்று மூன்று வாரம் போனில் பேசினாய். தோலுக்கு இரட்டைத் தையலா ஒற்றைத் தையலா என்று எனக்கே போன் போட்டுக் கேட்டாய். பாட்டுப் பெட்டிக்கு எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்டாய். பிரேக் ரப்பர் மாற்றினீர்களா என்று ஒரு தடவை கேட்டாயா? கண்ணுக்குத் தெரிவதைக் கேட்டாய், தெரிவதைச் செய்து கொடுத்தான். உன் அப்பா செய்த தப்பாவது ஒருநாள் அவசரத்தில் செய்தது. நீ எட்டு மாதம் நிதானமாக உட்கார்ந்து செய்திருக்கிறாய்.

கொடைக்கானல் ஏறுவது பெரிதில்லை. இறங்குவதுதான் பெரிது. வத்தலக்குண்டு வரும்வரை வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறும். பிரேக் எண்ணெய் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது. பழைய எண்ணெயில் இருக்கிற தண்ணீர் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். அப்போது நீ ஒரு தடவை இல்லை, நூறு தடவை வேகமாக மிதித்தாலும் நிற்காது. இதுவும் தையல் டீச்சருக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஷீலாவும் அவள் அம்மாவும் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்தார்கள். அளவெடுத்து முடித்தேன். காப்பி கொடுத்தேன். அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. "கண்ணு, செத்த நேரம் கொட்டகைக்கு வாரியா?" என்றேன். வந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பாதியில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க அத்தை, இது இறங்குதுங்க."

"ஆமா."

"எங்கப்பா கேரளாவுக்குக் காய் லோடு அனுப்புறவருங்க. டிரைவருங்க சாவி வாங்கறதுக்கு முன்னால பிரேக்கைத்தான் பாக்கச் சொல்லுவாருங்க. அவரு கையில வாட்ச் கட்டாமக்கூடப் போவாரு, அதை மறக்கமாட்டாருங்க." என்றாள். பிறகு நான் பக்கத்து சீட்டுக் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தாள். "இது அவருக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றால் நீ கவனமில்லாதவன் ஆவாய், தெரியும் என்றால் அதைவிட மோசமானவன் ஆவாய். "சனிக்கிழம நான் சொன்னேன், சிரிச்சான்" என்றேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்? அவள் கோபப்படவில்லை, அழவில்லை. மரியதாஸ் அண்ணன் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன், நான் "நிக்குது" என்று சொன்னது உட்பட. என் மருமகளாகப் போகிறவளிடம் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். கேட்டுவிட்டு, "அத்தை, அந்த ரோட்டரு எங்கீங்க?" என்றாள்.

நீ பஸ் ஏறின அன்றே அதைக் கழற்றி ஊசி நூல் டப்பாவில் போட்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "பிரேக்கு நின்னா வண்டியில போலாமுங்க. நிக்கலீன்னா ஆட்டோவுல போயிக்கலாமுங்க. ஊர்கோலம் வந்தா போதுமுங்க, எதுல வந்தா என்னங்க" என்றாள். அவள் அம்மா காப்பி டம்ளரோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டில் ஏதோ குறை என்று நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள், நான் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அவளுக்கு அனுப்பப் போகிறேன். அதனால் என்னிடம் போன் போட்டுக் கத்தாதே. ரோட்டர் என்னிடம் இல்லை. வேண்டுமென்றால் அவளிடம் கேள்.

வரும் சனிக்கிழமை காலையில் வா. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வராதே. மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் புது ரப்பர், புது எண்ணெய், நாலு டயர், இவற்றோடு வா. உன் அப்பாவோடு மில்லில் இருந்த வெல்டர் ஒருவர் தரைத் தகட்டை வெட்டிப் புதிதாக வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். பெயிண்ட் கருகும். கருகட்டும். இரண்டு சீட்டுக்கும் பெல்ட் போடுவதற்கு அந்தப் புதுத் தகட்டில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்குள் முடியவில்லை என்றால் முடியவில்லை. வண்டி காத்திருக்கும், அதற்கு அறுபது வயது நெருங்குகிறது, அவசரம் கிடையாது. பிரேக் வேலையை நீதான் அடியில் படுத்துச் செய்ய வேண்டும். என் முழங்கால் இப்போது மிதிக்க இடம் கொடுக்கவில்லை. ஷீலா வந்து மிதிக்கிறேன் என்றிருக்கிறாள். நீ "நிக்குதா?" என்று கீழிருந்து கேட்டால், இல்லையென்றால் இல்லை என்றுதான் அவள் சொல்வாள். அவளை அவசரப்படுத்தாதே. அவள் ஆமென் சொல்லும்வரை அடியிலேயே கிட.

நேற்று மரியதாஸ் அண்ணன் வந்திருந்தார். உன் கல்யாணத்துக்கு அவர் செட்டுதான். கால் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார், செட்டை மகன்தான் நடத்துகிறான். ஆனால் உன் ஊர்கோலத்தில் பெரிய டிரம்மை அவரே அடிப்பாராம். "சார் மகன் கல்யாணத்துக்கு நான் அடிக்காம எவன் அடிக்கிறது டீச்சர்? அந்த வண்டிக்கு முன்னால நாந்தேன் நடப்பேன்" என்றார். "பயமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். "பயந்தேன். அன்னையிலருந்து எந்தக் கல்யாணத்துலயும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுதேன் அடிக்கிறேன். பழகிருச்சு டீச்சர்" என்றார்.

பழகிவிட்டதாம், அப்பு. பதினைந்து, பதினாறு வருடமாக அந்த மனுஷர் ஊரில் உள்ள அத்தனை பேர் சந்தோஷத்துக்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே டிரம் அடித்திருக்கிறார், நான் சொன்ன ஒரு வார்த்தையால். உன் கல்யாணத்தன்று வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் அடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய். இல்லையென்றால் ஆட்டோவுக்குச் சொல்லிவிடு.

அம்மா